சீழ் வைக்காத கால்

“சீழே வைக்கலையே சார், அப்புறம் எதுக்கு இப்படித் துடிக்கிறா?”

நோயாளியின் கணவர் கேட்ட கேள்வி இது. அந்த மாலையில் நான் சொன்னது மழுப்பல். சரியான பதில் இரவு பதினோரு மணிக்குமேல் லேப்பில், மைக்ராஸ்கோப்பின் கீழே கிடைத்தது. ராமநாதபுரம் கரையோரத்து மருத்துவமனை ஒன்றில் நாங்கள் பார்த்த நோயாளியைப் பற்றிய குறிப்பு இது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த விதம்

நாற்பதுகளில் இருக்கும் பெண், பாம்பன் பக்கத்து மீனவக் கிராமம். சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது, ஈரலில் கோளாறு எதுவும் இல்லை. சிறுமியாக இருந்தபோதே கடல்பாசி எடுக்கப் பழகியவர். இந்தக் கரையில் பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விரல்களில் துணிக்கீற்றைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, வலைப்பையோடு மூச்சடக்கி முங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசி பாரைப் பற்றிக்கொண்டுதான் வளரும். பார் என்று அவர்கள் சொல்வது கடலடிப் பாறைத் திட்டை. கையில் கீறல், காலில் கீறல் என்பதெல்லாம் அவர்களுக்குக் கணக்கிலேயே சேராது.

இந்தக் கீறலும் அப்படித்தான். இடது கணுக்காலுக்கு நாலு விரல்கடை மேலே, இரண்டு சென்டிமீட்டர் நீளம். செவ்வாய்க்கிழமை பட்டது. வீட்டில் மஞ்சள் அரைத்துப் போட்டார்கள். புதன் இரவு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், காலில் வலி. வியாழன் காலை பக்கத்தில் ஓர் இடத்தில் வலிக்கு ஊசி. காய்ச்சல் இறங்கியது, வலியும் அரை நாள் அடங்கியது. ஊசி போட்டவரைக் குறை சொல்ல வரவில்லை, அந்த நேரத்தில் காலைப் பார்த்திருந்தால் நானும் பெரிதாக எதையும் கண்டிருக்க மாட்டேன். ஆனால் அந்த அரை நாள் அமைதி எங்களுக்கு விலை வைத்தது. வெள்ளி மாலை ஐந்து மணிக்கு ஆட்டோவிலிருந்து தூக்கித்தான் இறக்கினார்கள்.

நாடி 132. பிபி 84/50. மூச்சு நிமிடத்துக்கு 30. காய்ச்சல் 102.6. ஆள் தெளிவாகப் பேசினார், அதுதான் ஏமாற்றியது.

கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. சிவப்பு லேசாக, ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல். கீறலைச் சுற்றி உள்ளங்கையளவு கருஞ்சிவப்பு, அதன் நடுவில் ஒரு சின்னக் கொப்புளம். சீழ் ஒரு சொட்டுக்கூட இல்லை. இதெல்லாம் பார்த்த காட்சி. தொட்டபோதுதான் விஷயமே வேறு என்று தெரிந்தது. சிவப்பு முடிந்து ஒரு சாண் மேலே, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத தொடையில் விரல் பட்டதற்கே அலறினார். அதே சமயம் கீறலை ஒட்டிய கருஞ்சிவப்பு இடத்தில் பஞ்சு வைத்தாலும் தெரியவில்லை, ஊசி முனை வைத்தாலும் தெரியவில்லை. “வெட்டிப் போடுங்க தம்பி, இந்தக் கால் வேண்டாம்” என்றார் என்னிடம்.

நான் என்ன செய்தேன்? காலில் ரத்தம் உறைந்திருக்குமோ என்று டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் போயிற்று. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அப்போது வார்டுக்கு வந்த மூத்த அறுவை மருத்துவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கண்ணுக்குத் தெரியறதுக்கும் அந்த அம்மா கத்தறதுக்கும் பொருத்தமே இல்லையேப்பா. தியேட்டருக்குச் சொல்லு” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அதற்குள் ரத்தப் பரிசோதனை வந்தது. வெள்ளையணு 3,100. இவ்வளவு பெரிய தொற்றில் இருபதாயிரம் இருக்க வேண்டிய எண். இருந்தவற்றிலும் பாதிக்குமேல் முதிராத பிஞ்சு அணுக்கள், எலும்பு மஜ்ஜை கையில் இருந்ததையெல்லாம் அள்ளி அனுப்பிக்கொண்டிருந்ததற்கு அடையாளம். தட்டணு 82,000. கிரியேட்டினின் 2.6, சிறுநீரகமும் திணறுகிறது. சோடியமும் குறைந்து 127. ஹீமோகுளோபின் 15.8. ரத்தசோகை சகஜமான இந்தப் பக்கத்தில் 15.8 என்று பார்த்துச் சந்தோஷப்பட முடியாது. ரத்தக் குழாய்கள் ஒழுகி, நீர் வெளியேறி, மிச்ச ரத்தம் கெட்டிப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

கடலில் பட்ட காயம் என்றதும் எல்லாருக்கும் முதலில் தோன்றியது விப்ரியோ வல்னிஃபிகஸ். வெதுவெதுப்பான உப்புநீரில் வாழும் கிருமி, காயம் வழியாக ஏறினால் ஒரே நாளில் காலை அழுகவைத்துவிடும். அதையும் மனதில் வைத்து மெரோபெனம், வான்கோமைசின், கிளிண்டமைசின், டாக்ஸிசைக்ளின் என்று நாலு ஆன்டிபயாட்டிக்கும் ஓடின. ட்ரிப்ஸில் நீரும், பிபியை ஏற்றும் நார்அட்ரினலினும்.

தியேட்டரில்

எட்டரை மணிக்குக் கத்தி வைத்தார்கள். தோலுக்குக் கீழே சீழ் பொங்கும் என்று எதிர்பார்த்தால், பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி சாம்பல் நிறத்தில் கொஞ்சம் நீர் வழிந்தது. தசையைப் போர்த்தியிருக்கும் உறை வெள்ளையாகப் பளபளக்க வேண்டும். இங்கே அது மங்கிப்போய், நனைந்த அட்டைபோல இருந்தது. உறைக்கும் தோலடிக் கொழுப்புக்கும் நடுவே அறுவை மருத்துவர் விரலை விட்டார். தடுக்க எதுவும் இல்லை. வாழை மட்டையை உரிப்பது மாதிரி பிரிந்துகொண்டே போனது, கணுக்காலிலிருந்து தொடையின் நடுப்பாகம்வரை. வெட்டிய இடத்தில் ரத்தமும் வரவில்லை. சிறு குழாய்களெல்லாம் உள்ளுக்குள்ளேயே உறைந்துவிட்டிருந்தன. உறை திசு அழுகல் என்பது உறுதியாயிற்று. உள்ளே தசை பெரும்பாலும் பிழைத்திருந்தது, அது எங்கள் அதிர்ஷ்டம்.

ஒரு சொட்டு நீரையும் ஒரு துணுக்கு உறையையும் நானே லேப்புக்கு எடுத்துப் போனேன். கிருமிக்கு நிறமேற்றும் கிராம் சாயம் போட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

சாதாரணச் சீழ் ஸ்லைடு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பார்க்கும் இடமெல்லாம் நியூட்ரோபில். ரத்தத்தில் அதிகம் இருக்கும் வெள்ளையணு அது, உட்கரு மூன்று நான்கு உருண்டையாகக் கிள்ளிக் கோத்ததுபோல இருக்கும். சீழ் என்று நாம் அருவருக்கும் அந்தப் பொருளே பெரும்பாலும் போரில் செத்த நியூட்ரோபில்களின் குவியல்தான். அவற்றுக்கு நடுவில் தேடித்தேடித்தான் கிருமியைக் கண்டுபிடிப்போம்.

இந்த ஸ்லைடு தலைகீழாக இருந்தது. ஊதா நிற உருண்டைகள், மணி கோத்த மாதிரி நாலும் ஆறும் பத்தும் சேர்ந்த சரங்கள், களம் முழுக்க. வெள்ளையணு? ஒரு முழுக் களத்தில் ஒன்று. அடுத்ததில் இல்லை. இன்னொன்றில் உட்கரு கரைந்து நிழலாகக் கிடந்த ஒன்று. விப்ரியோவாக இருந்தால் வளைந்த இளஞ்சிவப்புக் குச்சிகள் தெரிந்திருக்கும், அவை ஒன்றுகூட இல்லை. சரமாக இருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். இரண்டு நாள் கழித்துக் காயத்திலும் ரத்தத்திலும் வளர்ந்தது ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று கல்ச்சர் உறுதிசெய்தது. முழுப்பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ். 1884இல் ஜெர்மன் மருத்துவர் ரோசன்பாக் வைத்த பெயர். பயோஜெனிஸ் என்றால் சீழை உண்டாக்குவது. பெயருக்கும் எங்கள் ஸ்லைடுக்கும் இருந்த தூரத்தை நினைத்துக்கொண்டே மேலே ஏறி வந்தேன்.

நியூட்ரோபில்கள் எங்கே போயின?

கணவரின் கேள்விக்கு நான் திரும்பும் இடம் இதுதான். தொற்று இருக்கிறது, கோடிக்கணக்கில் கிருமி இருக்கிறது, ஏன் சீழ் இல்லை? சீழ் இல்லாததை அவர் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார். எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வோம். இந்தக் கிருமியைப் பொறுத்தவரை அது காவல் படை வரவே இல்லை, அல்லது வந்தது பிழைக்கவில்லை என்பதன் அடையாளம்.

முதலில் வரவிடாமல் தடுப்பது. திசுவில் கிருமி புகுந்ததும் அங்குள்ள அணுக்கள் ஐஎல் 8 என்ற சிறு புரதத்தைச் சுரக்கின்றன. ரத்தத்தில் ஓடும் நியூட்ரோபில் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் குழாயைவிட்டு இறங்கி வரும். ரத்தத்தில் உள்ள, கிருமியைத் தாக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களிலிருந்து உடைந்து வரும் சி5ஏ என்ற துண்டும் அதே வேலையைச் செய்யும். ஸ்ட்ரெப்டோகாக்கஸிடம் இரண்டுக்கும் தனித்தனி கத்தரிக்கோல் இருக்கிறது. ஸ்பைசெப் என்ற நொதி ஐஎல் 8ஐ நறுக்குகிறது, சி5ஏ பெப்டிடேஸ் என்ற நொதி மற்றதை நறுக்குகிறது. கூப்பிடும் குரலே காற்றில் அறுந்துவிடுகிறது.

இதற்குமேல் ஒரு வழி இருக்கிறது, 2018இல் ஹார்வர்டில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் வெளிவந்தது. என்னைக் கேட்டால் இந்த நோயாளியின் கதையே அதில் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோலைசின் எஸ் என்ற நஞ்சு வலி நரம்புகளை நேரடியாகவே தூண்டுகிறது. வீக்கம் வந்து, அழுத்தம் வந்து, அதனால் வலி என்ற வழக்கமான வரிசை இங்கே இல்லை. கிருமியே நரம்பைச் சுண்டுகிறது. தூண்டப்பட்ட நரம்பு இரண்டு காரியம் செய்கிறது. மூளைக்கு வலியைச் சொல்கிறது. தன் நுனியில் சிஜிஆர்பி என்ற பொருளைக் கசியவிடுகிறது. அந்தப் பொருள் நியூட்ரோபில்களை வரவேண்டாம் என்று தடுக்கிறது. நரம்பின் அந்தக் கசிவை அடைத்தபோது எலிகளில் வெள்ளையணு வந்து சேர்ந்தது, தொற்றும் அடங்கியது. ஆக, உயிர் போகிற வலியும் சீழில்லாத காலும் இரண்டு தனிச் செய்திகள் அல்ல. ஒரே நரம்பு இரண்டு பக்கமும் பேசியிருக்கிறது. பிறகு திசுவோடு நரம்பும் சாகும்போது அந்த இடம் மரத்துப்போகும். கீறலைச் சுற்றி ஊசிகூடத் தெரியாத கருஞ்சிவப்பு அதுதான். வலி நின்றுவிட்டது என்று நோயாளி சொன்னால் இந்த நோயில் பயப்பட வேண்டும்.

இவ்வளவையும் தாண்டி வந்துசேரும் நியூட்ரோபிலின் கதி? கிருமி தன்மேல் ஹையலுரானிக் அமிலத்தால் ஒரு போர்வை போர்த்திக்கொண்டிருக்கிறது. நம் மூட்டிலும் தோலிலும் இருக்கும் அதே பொருள், அதனால் அந்நியன் என்று கண்டுகொள்வது சிரமம். அதன் மேற்பரப்பில் மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும் எம் புரதம், காம்ப்ளிமென்ட் தாக்குதலை நம் உடலே நிறுத்தப் பயன்படுத்தும் ஃபேக்டர் ஹெச் போன்ற புரதங்களை இழுத்துத் தன்மேல் ஒட்டிக்கொள்கிறது. போலீஸ் வண்டி மறிக்காமலிருக்க போலீஸ் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வது மாதிரி. அப்படியும் விழுங்கப்பட்டால் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ இருக்கிறது. பிள்ளைகளுக்கு மூட்டுவலி வந்தால் ஏஎஸ்ஓ டெஸ்ட் எடுக்கச் சொல்வார்களே, அதில் வரும் ஓ இதுதான்; அந்த டெஸ்ட் இந்த நஞ்சுக்கு எதிராக உடல் செய்த எதிர்ப்புப் புரதத்தை அளக்கிறது. நஞ்சின் மூலக்கூறுகள் அணுச்சவ்வில் உள்ள கொலஸ்ட்ராலைப் பற்றி, வளையமாகக் கூடி, ஓட்டை போடுகின்றன. நியூட்ரோபிலும், கிருமியை விழுங்கும் இன்னொரு அணுவான மேக்ரோபேஜும் அப்புறம் ஓட்டைப் படகு மாதிரிதான். கரைந்து நிழலாகிப்போன அந்த ஒரு நியூட்ரோபிலை நான் மறக்கவில்லை.

நியூட்ரோபிலிடம் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. சாகும்போது தன் டிஎன்ஏவையே நூலாக விரித்து வலை வீசும். 2004இல்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. கிருமி அதில் சிக்கி, நூலில் ஒட்டியிருக்கும் கொல்லிப் புரதங்களால் சாகும். ஆனால் சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளிடம் எஸ்டிஏ1 என்ற டிஎன்ஏ அறுக்கும் நொதி இருக்கிறது. பேத்தை மீன் வலையைக் கடித்துக்கொண்டு போவதைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. இதில் இன்னொரு மோசமும் உண்டு. இப்படித் தப்பிப் பிழைக்கும் நெருக்கடியிலேயே கிருமிகளில் கோவ்எஸ் என்ற கட்டுப்பாட்டு மரபணு கெட்டுப்போனவை தேறி வருகின்றன. அவை போர்வையைத் தடிப்பாக்கி, நஞ்சைக் கூட்டிக்கொண்டு இன்னும் ஆழமாகப் போகின்றன.

ஆன்டிபாடி, அதாவது உடல் செய்யும் எதிர்ப்புப் புரதம், அந்தப் பக்கத்தையும் கிருமி சும்மா விடவில்லை. ஐடிஇஎஸ் என்ற நொதி ஐஜிஜி ஆன்டிபாடியை அதன் கீல் பகுதியில் துல்லியமாக வெட்டுகிறது. வேறெதையும் தொடுவதில்லை. இந்த வெட்டு அவ்வளவு சுத்தமாக இருந்ததால் அதையே மருந்தாக்கிவிட்டார்கள். பொருந்தாத ஆன்டிபாடியால் சிறுநீரக மாற்று கிடைக்காமல் தவிப்பவர்களுக்கு இம்லிஃபிடேஸ் என்ற பெயரில் ஐரோப்பாவில் 2020 முதல் அனுமதி இருக்கிறது. நம் நோயாளியின் காலை அரித்த கிருமியின் கத்தி இன்னொருவர் சிறுநீரகத்தைக் காக்கிறது.

இதுவரை சொன்னது காலுக்குள் நடந்தது. பிபி 84க்கு இறங்கியதற்குக் காரணம் வேறு அணுக்கள், நோயெதிர்ப்பை முடுக்கிவிடும் டி செல்கள். ஒரு சாதாரணக் கிருமிப் புரதத்தைக் கண்டு விழித்துக்கொள்ளும் டி செல், பத்தாயிரத்தில் ஒன்றுகூட இருக்காது. பூட்டும் சாவியும் பொருந்த வேண்டும். இந்தக் கிருமி சுரக்கும் எஸ்பிஇ ஏ போன்ற சூப்பர்ஆன்டிஜென்கள் பூட்டைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. தகவல் காட்டும் அணுவையும் டி செல்லையும் வெளிப்புறமாகவே பிடித்துக் கட்டிவிடுகின்றன. ஐந்தில் ஒரு பங்கு டி செல்கள்வரை ஒரே நேரத்தில் கூச்சலிடத் தொடங்கும். அவை கொட்டும் சைட்டோகைன் என்ற செய்திப் புரதங்களில் குழாய்கள் தளர்ந்து, ஒழுகி, பிபி விழும், சிறுநீரகம் நிற்கும். காலில் வேண்டிய படை இல்லை, உடலெங்கும் தேவையில்லாத கலவரம். 15.8 ஹீமோகுளோபின் அந்தக் கலவரத்தின் கணக்குதான்.

இதில் எந்தப் பங்கு எந்த நொதியால் என்று இந்த ஒருவரிடம் பிரித்துக் காட்ட முடியாது. மேலே சொன்னதில் பாதி, சோதனைத் தட்டிலும் எலியிலும் தெரிந்தது. ஆனால் சீழில்லாத நீர், வெறும் ஸ்லைடு, பொருந்தாத வலி, 3,100 வெள்ளையணு நாலும் ஒரே திசையைக் காட்டின.

சிகிச்சை

கத்திதான் முதல் மருந்து. வெள்ளி இரவு, ஞாயிறு, செவ்வாய் என்று மூன்று முறை செத்த உறையை வெட்டி எடுத்தார்கள். கல்ச்சர் வந்ததும் மற்றவற்றை நிறுத்திவிட்டு பென்சிலினும் கிளிண்டமைசினும் மட்டும். இத்தனை ஆண்டு கழித்தும் பென்சிலின் இந்தக் கிருமியிடம் தோற்கவில்லை, அது ஓர் ஆச்சரியம்தான். அப்புறம் கிளிண்டமைசின் எதற்கு? பென்சிலின், பெருகிக்கொண்டிருக்கும் கிருமியின் சுவரைத்தான் உடைக்கும். கூட்டம் நெருங்கிப் பெருக்கம் நின்றுவிட்டால் அதற்கு வேலை குறைவு. 1952இல் அமெரிக்க மருத்துவர் ஹாரி ஈகிள் எலிகளில் இதைக் காட்டினார். கிளிண்டமைசின் கிருமியின் புரதத் தொழிற்சாலையையே நிறுத்துகிறது. புரதம் இல்லையென்றால் நஞ்சு இல்லை, எம் புரதம் இல்லை, மேலே அடுக்கிய கத்தரிக்கோல்கள் இல்லை.

நரம்பு வழியாகக் கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் சூப்பர்ஆன்டிஜெனைக் கட்டிப்போடும் என்ற வாதம் உண்டு. நாங்கள் கொடுக்கவில்லை. ஆய்வுகள் அதில் ஒரே குரலில் பேசவில்லை, விலையோ அந்தக் குடும்பம் கடன் வாங்கியும் எட்ட முடியாதது. கொடுத்திருக்க வேண்டும் என்று ஒரு சக மருத்துவர் இன்றும் என்னோடு சண்டை போடுகிறார்.

மூன்றாம் நாள் நார்அட்ரினலின் நின்றது. டயாலிசிஸ் தேவைப்படாமல் சிறுநீரகம் தேறியது. நாலாம் நாள் வெள்ளையணு 19,000 ஆயிற்று. காயத்தில் டிரெஸ்ஸிங் பிரித்தபோது ஓரத்தில் மஞ்சளாகக் கொஞ்சம் சீழ். சிஸ்டர் முகம் சுளித்தார். எனக்கு மட்டும் நிம்மதி. பத்தொன்பதாம் நாள் வலது தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். முப்பத்து நாலாம் நாள் வீட்டுக்குப் போனார், காலோடு. பிபி விழுந்து ஷாக்கோடு வரும் இந்த நோயில் மூன்றில் ஒருவராவது இறந்துபோகிறார்.

கிருமி எங்கிருந்து வந்தது

கடலிலிருந்து இல்லை. ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸின் இருப்பிடம் மனிதன் மட்டுமே, நம் தொண்டையும் தோலும். பார் திறந்துவிட்டது கதவை மட்டும்தான், உள்ளே நுழைந்தது வீட்டு ஆள்.

இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். யோசித்தது ஐந்தாம் நாள், பேரன் பார்க்க வந்தபோது. ஐந்து வயதுப் பையன், ஐசியூ வாசலில் நின்று முழங்காலைச் சொறிந்துகொண்டிருந்தான். இரண்டு கெண்டைக்காலிலும் தேன் நிறத்தில் பொருக்குத் தட்டிய சிரங்கு. “அது ஒரு மாசமா இருக்கு சார், அவன் அப்பத்தாகூடத்தான் படுப்பான்” என்றார் தாத்தா. சிரங்கிலிருந்து எடுத்த கல்ச்சரிலும் ஏ பிரிவு வந்தது. ஒரே வம்சமா என்று பார்க்கும் எம் வகைச் சோதனையை நாங்கள் செய்யவில்லை, எனவே சத்தியம் செய்ய மாட்டேன். பையனுக்கு ஒரு பென்சாத்தின் பென்சிலின் ஊசி, சொறிக்கு வீட்டில் எல்லாருக்கும் மருந்து. இந்தச் சிரங்குக்குப் பிறகு மூன்று வாரம் வாக்கில் சிறுநீரகம் வீங்கி, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போவதுண்டு. அதற்காக மூன்று வாரம் கழித்து அவன் சிறுநீரைப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது.

தடைக்காலம் முடிந்த வாரம் அந்த அம்மா செக்கப்புக்கு வந்தார். ஒட்டிய தோல் பளபளப்பாக, சுற்றியுள்ள தோலைவிட ஒரு மாற்று வெளுத்து இருந்தது. கணுக்கால் முழுதாக மடங்கவில்லை. “உப்புத் தண்ணி பட்டா காந்துமா தம்பி?” என்று கேட்டார். பழைய சாக்ஸ் போட்டுக்கொண்டு இறங்கச் சொன்னேன். சாக்ஸில் பாசி மாட்டுமே என்று சிரித்தார். பையன் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனைக் கட்டிலில் ஏற்றி உட்காரவைத்துக் கால்சட்டையை முட்டிக்குமேல் சுருட்டிப் பார்த்தேன். வெளுத்த தழும்பு நாலைந்து. புதுப் பொருக்கு எதுவும் இல்லை.